சிப்பாய்க்குப் பட்டமில்லை

போன ஞாயிற்றுக்கிழமை மருமான் வந்திருந்தான். ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர் உத்தியோகம். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஊர்ப்பக்கம் தலைகாட்டுவான். வந்தால் மாமிக்குக் கம்பளிச் சால்வை, எனக்கு பிஸ்கோத்து டின். இந்தத் தடவை அதோடு ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தையும் எடுத்து மேஜைமேல் வைத்தான். மழையில் நனைந்து உலர்ந்து, அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது.

புரட்டிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை எண் போட்டு, வாயில் நுழையாத பெயர்கள். பக்கத்தில் தேதி, உயரம். நாற்பத்தொன்றாவது வரிக்கும் நாற்பத்திரண்டாவது வரிக்கும் நடுவில் மட்டும் பென்சிலால் ஒரு வரி. அதற்கு எண் இல்லை. எழுத்தும் அவனுடையது இல்லை, வயதானவர் கை.

"இது என்னடா, வண்ணான் கணக்கில் விட்டுப்போன துணி மாதிரி?" என்று கேட்டேன்.

"அது கணக்கில் சேராது, மாமா" என்றான்.

கணக்கில் சேராத அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். நேயர்கள் கொஞ்சம் பொறுமையாக மலை ஏற வேண்டும்.

ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு மலை என்றால் உயிர். அவர்கள் மலை ஒன்றும் பிரமாதமான உயரமில்லை. பிரிட்டன் முழுவதிலும் மிக உயர்ந்தது பென் நெவிஸ். அதுவே 1345 மீட்டர்தான். கொடைக்கானல் ஏரிக்கரையில் கடலை கொறித்துக்கொண்டு நிற்பவன், பென் நெவிஸ் உச்சியில் கொடி நாட்டியவனைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். நம் தொட்டபெட்டாவின் 2637 மீட்டரில் அது பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆனால் உயரத்தை வைத்து அந்த மலைகளை எடை போட்டு ஏமாந்தவர்கள் பலர். எங்கள் மருமானும் அந்த ஜாபிதாவில் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஜாபிதா என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்தப் பைத்தியத்துக்கெல்லாம் மூலகாரணம் ஒரு ஜாபிதாதான். அதைத் தயாரித்தவர் ஸர் ஹியூ மன்றோ. உடனே சென்னைத் தீவுத் திடலில் அங்கவடி இல்லாத குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் மன்றோ துரையை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர் தாமஸ் மன்றோ. அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான், கிளாஸ்கோவில் பிறந்தவர். 1827இல் பத்திகொண்டாவில் காலராவில் காலமானார். நம் மலைக்கார மன்றோ 1856இல் பிறந்தவர். நாடு பூராவும் நடந்து, காற்றழுத்தமானியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, உச்சி உச்சியாய் அளந்து, 1891இல் ஸ்காட்லாந்து மலையேறிகள் சங்கத்தின் சஞ்சிகையில் ஓர் அட்டவணையை வெளியிட்டார். அதுவரை மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட மலை அந்த நாட்டில் முப்பதுதான் தேறும் என்று வழிகாட்டிப் புத்தகம் சொல்லிக்கொண்டிருந்தது. மன்றோ போட்ட கணக்கில் முகடுகள் 538! ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள்.

இங்கேதான் வம்பு ஆரம்பித்தது. அந்த 538இல் 283 மட்டுமே தனி மலை என்று மன்றோ வகுத்தார். மற்றதெல்லாம் ஏதாவது ஒரு மலையின் துணைச் சிகரம். இங்கிலீஷில் வெறும் 'டாப்'. கூட்டுக் குடும்பத்தில் பெரியப்பா பெயரில் ரேஷன் கார்டு, தம்பிகளெல்லாம் அதில் அங்கத்தினர் என்கிற மாதிரி. எது தனி மலை, எது துணை என்று தீர்மானிக்க இன்ன விதி என்று மன்றோ எழுதி வைக்கவில்லை. இரண்டு உச்சிக்கும் நடுவே எவ்வளவு இறக்கம், எவ்வளவு தூரம், தரை எப்படி என்று நடந்து பார்த்து, மனசுக்குப் பட்டபடி போட்டுவிட்டார். கல்யாணத்தில் யார் யாரை முதல் பந்தியில் உட்கார வைப்பது என்று பெரியவர் ஒருவர் கண்ணாலே அளந்து முடிவு செய்வாரே, அந்த மாதிரி.

இன்றைய கணக்குப்படி தனி மலைகள் 282. இவற்றுக்கு 'மன்றோ' என்றே பெயராகிவிட்டது. துணைச் சிகரங்கள் 226. இந்த 282ஐயும் ஏறி முடிப்பது அங்கே ஒரு விரதம். முதலில் முடித்தவர் ராபர்ட்ஸன் என்ற பாதிரியார், 1901இல். இதுவரை ஏழாயிரம் பேருக்கு மேல் முடித்துப் பெயர் பதிந்திருக்கிறார்கள். துணைச் சிகரங்களையும் விடாமல் ஏறி முடித்த முதல் மனிதர் ரொனால்ட் பர்ன், அவரும் பாதிரியார்தான்! 1923இல் முடித்தார். ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாட்களில் அந்த ஊர்ப் பாதிரிமார்களுக்கு ஓய்வு அதிகம் போலிருக்கிறது.

சரி, பென்சில் வரிக்கு வருவோம். அந்த வரியில் இருக்கும் பெயர் ஸ்டொப் கோர் அன் டைஜர். கேலிக் பாஷை. எழுதுகிற எழுத்தில் பாதி, உச்சரிக்கும்போது காணாமல் போய்விடும். 'கோர்' என்றால் கொப்பரை. மலையின் விலாவைப் பனியாறு குடைந்து குடைந்து உண்டாக்கிய பள்ளத்துக்கு அந்தப் பெயர். எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவில் குழிவு. அசல் நெய்க் கொப்பரைதான். 'டைஜர்' புலியல்ல, சிப்பாய். ஆக, 'சிப்பாய்க் கொப்பரையின் முனை'. பெயரில் சிப்பாய் உண்டு. சிப்பாயின் பெயர் இல்லை.

இந்த முனையின் உயரம் 1213 மீட்டர். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த 282 மன்றோக்களில் இதைவிட உயரமானவை பத்தே பத்து. மீதி 272 மலைகளும் இதைவிடக் குட்டை. பத்தாவதாக வரும் பென் லாயர்ஸ்கூட இதைவிட ஒரு மீட்டர்தான் அதிகம். அப்படியிருந்தும் சிப்பாய்க்கு மலை என்ற பட்டம் கிடையாது. கெய்ர்ன் டூல் என்ற பெரிய மலைக்கு அவன் தெற்கு வாசல் காவல்காரன். அவ்வளவுதான் அந்தஸ்து!

அக்கம்பக்கத்தைச் சொன்னால் இந்த அநியாயம் இன்னும் நன்றாக விளங்கும். வடகிழக்கு ஸ்காட்லாந்தில் கெய்ர்ன்கார்ம் என்ற மலைத்தொகுதி. 2003இல் தேசியப் பூங்காவாக ஆக்கினார்கள், பிரிட்டனிலேயே பெரிது. அதன் நடுவே லாரிக் குரூ என்ற கணவாய், வடக்கு தெற்காகக் கத்தியால் கீறினாற்போல் ஓடுகிறது. கணவாய்க்குக் கிழக்கே பென் மக்டூயி, 1309 மீட்டர், நாட்டில் இரண்டாவது. மேற்கே நம் சிப்பாய் வீதி. தெற்கிலிருந்து வீடு வீடாகப் பார்த்துக்கொண்டே போகலாம்.

முதல் வீடு சாத்தான் முனை. 1004 மீட்டர். கன்னங்கரேலென்று கணவாயை முறைத்துக்கொண்டு நிற்கும். இதன் அசல் கேலிக் பெயரை நான் தமிழாக்கினால் ஆசிரியர் என் பேனாவைப் பிடுங்கிக்கொள்வார். சாத்தானுடைய அங்கங்களில் ஒன்று. சபையில் சொல்லத் தகாதது. விக்டோரியா ராணி இந்தப் பக்கம் வந்தபோது, "அதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டாராம். கூடவந்த ஜான் பிரௌன் ஒரு நிமிஷம் திகைத்து, பிறகு, "சாத்தான் முனை, மகாராணி" என்று நாசூக்காகச் சமாளித்துவிட்டானாம். கதையோ நிஜமோ, இங்கிலீஷ் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

இரண்டாவது வீடு நம் சிப்பாய், 1213. மூன்றாவது கெய்ர்ன் டூல், 1291. களஞ்சியக் குன்று என்று அர்த்தம். நான்காவது 1258 மீட்டர் உயரமுள்ள ஸ்கோர் அன் லொகன் ஊவன்யே; பச்சைக் குட்டையின் சிகரம். கெய்ர்ன்கார்ம் கழகத்து முன்னோடிகளில் ஒருவரான அலெக்ஸாண்டர் காப்லண்ட், தெருவின் ஒரு கோடியில் சாத்தான் இருந்தால் மறுகோடியில் தேவதூதன் இருக்க வேண்டாமா என்று இதற்குத் 'தேவதூதர் சிகரம்' என்று பெயர் வைத்தார். அதற்கும் அப்பால் பிரேரீயாக், 1296.

இந்த வீதியில் சாத்தானுக்குத் தனி மலை என்ற பட்டம் உண்டு. தேவதூதனுக்கு நூறு வருஷத்துக்கு மேலாகப் பட்டமில்லை. நாட்டிலேயே ஐந்தாவது உயரம், ஆனாலும் கெய்ர்ன் டூலுக்குத் துணை என்றே எழுதி வைத்திருந்தார்கள். 1997இல் அட்டவணையைத் திருத்தியபோது எட்டுத் துணைச் சிகரங்களுக்கு ஒரே நாளில் பட்டம் கொடுத்தார்கள். தேவதூதனுக்கும் கிடைத்தது. சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை. அவனுக்கும் கெய்ர்ன் டூலுக்கும் நடுவே உள்ள இறக்கம் போதவில்லை என்பதுதான் காரணம். தோளோடு தோள் சேர்ந்து நிற்பவனைத் தனி ஆள் என்று எப்படி எண்ணுவது என்கிறார்கள். நியாயம்தான். இருந்தாலும், நேற்றுவரை பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவன் இன்று உள்ளே போய்விட்டால் மனசு கேட்குமா?

பட்டம் கொடுப்பது போலவே பிடுங்குவதும் உண்டு. மூவாயிரம் அடி என்பது 914.4 மீட்டர். 2009இல் ஒரு மலையைச் செயற்கைக் கோள்களின் உதவியோடு மறுபடி அளந்தார்கள். 913.4 மீட்டர்தான் வந்தது. ஏறத்தாழ இரண்டு முழம் குறைவு. பட்டம் போயிற்று. அந்த மலையின் பெயரைக் கேட்டால் சிரிப்பீர்கள். 'வியாபாரிகள் சிகரம்'! அளவில் குறைந்ததற்கு ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? 2012இல் இன்னொரு மலை. இதன் பெயர் 'வாள் மலை'. 913.96 மீட்டர். வாளுக்கு ஒரு முழம் நீளம் போதவில்லை. ஏற்கெனவே ஏறிவிட்டவர்கள், "எங்கள் பாடு என்ன ஆவது?" என்றார்கள். முடித்தவர் முடித்தவர்தான் என்று சமாதானம் சொன்னார்கள்.

இவற்றையெல்லாம் மருமான் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "சரி, நீ ஏன் சிப்பாயை எழுதி வைத்திருக்கிறாய்? கணக்கில் சேராததை எவனாவது எழுதுவானா?" என்று கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"நான் எழுதவில்லை, மாமா. வாத்தியார் எழுதினார்."

அபர்டீனில் அவன் குடியிருக்கும் தெருவில் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் இருக்கிறார். எழுபத்தொரு வயது. பூகோளம் சொல்லிக் கொடுத்தவர். முப்பத்தைந்து வருஷமாக மலை ஏறுகிறார். நம் பையனுக்கு மலைப் பழக்கத்தை உண்டாக்கியவரும் அவர்தான். போன வருஷம் செப்டம்பர் மாதம் அவருடைய கணக்கில் 281 முடிந்திருந்தது. பாக்கி ஒன்றே ஒன்று. அது கெய்ர்ன் டூல்.

கடைசி மலை என்றால் அங்கே ஒரு கல்யாணம் மாதிரி. சிநேகிதர்கள் கூட வருவார்கள். உச்சியில் கேக் வெட்டி, ஆளுக்கு ஒரு முடக்கு விஸ்கி குடித்து, கைகுலுக்கிப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். வாத்தியாரோடு ஆறு பேர் கிளம்பினார்கள். லின் ஆப் டீ என்ற இடத்தில் காரை நிறுத்திவிட்டு, சுமார் எட்டு மைல் நடந்து, முதல் நாள் சாயங்காலம் கொரூர் சாவடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

"கரூரா?" என்றாள் உள்ளேயிருந்து மாமி.

"கொரூர், மாமி." சாத்தான் முனைக்கு நேர் கீழே, டீ நதிக்கரையில் ஒற்றை அறைக் கல்வீடு. மான் காவல்காரன் தங்குவதற்காக 1877இல் கட்டியது. 1950இல் கெய்ர்ன்கார்ம் கழகத்தார் பழுது பார்த்தார்கள். பூட்டு கிடையாது, வாடகை கிடையாது, காவல் கிடையாது. யார் வேண்டுமானாலும் வரலாம், தங்கலாம், பெருக்கி வைத்துவிட்டுப் போகலாம். நம் பக்கத்துச் சத்திரம் சாவடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு மட்டும் கையோடு கொண்டுபோக வேண்டும். வாத்தியாரின் மனைவிக்கு முழங்கால் வலி. அவர் இரண்டு சிநேகிதிகளோடு சாவடியிலேயே தங்கி, சாயங்காலம் எல்லோரும் இறங்கி வந்ததும் டீ போட்டுக் கொடுப்பதாக ஏற்பாடு.

மறுநாள் காலையில் ஆகாயம் பளிச்சென்றிருந்தது. சாவடிக்குப் பின்னாலேயே பாதை சுழன்று சுழன்று மேலே ஏறுகிறது. தொள்ளாயிரம் மீட்டருக்கு மேலே ஒரு சமதரை. அங்கே நின்று தெற்கே திரும்பினால் சாத்தான் முனை, சிறிது தூரம்தான். நம் பையனுக்காக முதலில் அங்கே போனார்கள். அதுதான் நோட்டில் நாற்பத்தொன்று. பிறகு வடக்கே திரும்பிச் சிப்பாயின் நீண்ட முதுகில் ஏற ஆரம்பித்தார்கள்.

இந்தச் சிப்பாயின் முதுகு விசித்திரமானது. மேற்குப் பக்கம் மெத்தென்ற சரிவு. புல்லும் பாசியும் சரளையும். ஆடு மேய்க்கலாம் போலிருக்கும். கிழக்குப் பக்கம் திடீரென்று ஒன்றுமில்லை. கொப்பரையின் விளிம்பு, கீழே பாறை, அதற்குக் கீழே கணவாய். குளிர்காலத்திலும் வசந்தத்தின் ஆரம்பத்திலும் இந்த விளிம்பில் பனி வெளியே நீட்டிக்கொண்டு, தாழ்வாரம் மாதிரி அந்தரத்தில் தொங்கும். தரை என்று நினைத்துக் கால் வைத்தால் தரை இல்லை. முகட்டில் இளஞ்சிவப்புக் கருங்கல் பாறைகள், யாரோ வண்டி வண்டியாகக் கொட்டிவிட்டுப் போனாற்போல்.

பாதி ஏறும்போது மேற்கிலிருந்து மேகம் வந்தது. முதலில் பிரேரீயாக் மறைந்தது; அடுத்தது தேவதூதர் சிகரம்; அடுத்தது கெய்ர்ன் டூல். விளக்கை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தாற்போல் என்றான். பிறகு காற்று. நம் ஊர்ப் புயலைப் பார்த்தவன் அவன். இருந்தாலும் அந்தக் காற்று வேறு தினுசு என்கிறான். அதே மலைத்தொகுதியில் கெய்ர்ன் கார்ம் உச்சியில் 1986 மார்ச் 20ஆம் தேதி மணிக்கு 173 மைல் வேகத்தில் காற்று அடித்ததாகப் பதிவாகியிருக்கிறது. பிரிட்டனில் அதற்கு மிஞ்சின பதிவு கிடையாது. அன்றைக்கு அவ்வளவெல்லாம் இல்லை. ஆனால் காற்றோடு ஐஸ் கலந்த மழை. கையுறையைக் கழற்றிக் குடிதண்ணீர்ப் புட்டியைத் திறந்தான் நம் பையன்; கையுறை பறந்து போயிற்று. "இன்னொரு ஜோடி பையில் இருந்தது, மாமா. எடுப்பதற்குச் சோம்பலாக இருந்தது" என்றான்.

கவனியுங்கள். சோம்பல்! அங்கேதான் ஆபத்து ஆரம்பம்.

சிப்பாயின் உச்சியில் கற்குவியல் இருந்தது. மூடுபனியில் அதுதான் கெய்ர்ன் டூல் என்று நினைத்து ஒருவர் வாத்தியாரின் கையைப் பிடித்துக் குலுக்கவே போய்விட்டார். அந்த மயக்கத்தை உண்டுபண்ணுவதில் இந்தச் சிப்பாய் கெட்டிக்காரன். வாத்தியார் சிரித்துவிட்டு, படத்தையும் திசைகாட்டியையும் பார்த்து, "இன்னும் ஒரு கிலோமீட்டர், சற்று இறங்கி ஏற வேண்டும்" என்றார். உயரக் கணக்கில் பாக்கி 78 மீட்டர். முப்பத்தைந்து வருஷத்து விரதத்தில் பாக்கி 78 மீட்டர்!

நம் பையன் கோட்டின் கழுத்துப் பூட்டை மாட்டிக்கொண்டிருந்தான். மாட்டவில்லை. மறுபடி முயன்றான். மாட்டவில்லை. வாத்தியார் அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். கிட்டே வந்து, "உன் தங்கை பெயர் என்ன?" என்று கேட்டாராம். சொன்னான். "எங்கே படிக்கிறாள்?" சொன்னான், ஆனால் நாக்குக் குழறிற்று. "குளிர்கிறதா?" "இல்லை, இப்போது பரவாயில்லை."

அந்தப் 'பரவாயில்லை'யைக் கேட்டதும் வாத்தியார் முடிவு செய்துவிட்டார்.

உடம்பின் உள்சூடு முப்பத்தைந்து டிகிரிக்குக் கீழே இறங்கினால் முதலில் விரல் சொன்னபடி கேட்காது. பிறகு பேச்சுக் குழறும், புத்தி மழுங்கும், எதைக் கண்டாலும் அலட்சியம் வரும். குளிர்கிறதே என்ற பிரக்ஞையே போய்விடும். கடைசியில் நடுக்கமும் நின்றுவிடும், அது நல்லதற்கில்லை. இதெல்லாம் நம் பையன் பரீட்சை எழுதித் தேறிய விஷயம். "நோயாளிக்கு இருந்திருந்தால் பத்து விநாடியில் கண்டுபிடித்திருப்பேன், மாமா. எனக்கே என்றதும் தெரியவில்லை" என்றான்.

வாத்தியார் தம்முடைய உலர்ந்த கையுறையை அவன் கையில் மாட்டினார். எல்லோரும் வட்டமாக நின்று காற்றை மறைத்து, சூடான கோக்கோவைக் குடிக்க வைத்து, உள்ளே ஒரு கம்பளிச் சட்டையைப் போட்டுவிட்டார்கள். ஒருவர், "இவனை நாங்கள் கீழே அழைத்துப் போகிறோம், நீங்கள் ஒருவரோடு மேலே போய்விட்டு வாருங்கள், முக்கால் மணி ஆகும்" என்றார். வாத்தியார் தலையை ஆட்டிவிட்டார். மூடுபனியில் கூட்டத்தைப் பிரிக்கக் கூடாது என்றார். அவ்வளவுதான், விவாதமில்லை. இறங்க ஆரம்பித்தார்கள்.

பூகோள வாத்தியாருக்கு இது புத்தகத்திலிருந்து தெரிந்ததல்ல. கணவாய்க்கு எதிர்ப்பக்கம், கெய்ர்ன் கார்முக்கும் பென் மக்டூயிக்கும் நடுவே உள்ள மேட்டுச் சமவெளியில் 1971 நவம்பரில் நடந்தது அந்தத் தலைமுறைக்கு மறக்காது. எடின்பரோவிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து போனார்கள். மேலே ஒரு சின்னத் தகரக் கொட்டகை உண்டு. அங்கே போய் இரவு தங்குவதாக ஏற்பாடு. ஒரு கோஷ்டி போய்ச் சேர்ந்தது. மற்றது பனிப்புயலில் கொட்டகையைக் கண்டுபிடிக்க முடியாமல் வெட்டவெளியில் இரண்டு இரவு கிடந்தது. மாணவர்கள் ஐந்து பேரும் உதவி ஆசிரியை ஒருவரும் இறந்துபோனார்கள். தப்பியது ஒரு பையனும் தலைவியும். இந்த மாதிரிக் கொட்டகை இருக்கிறதே என்ற தைரியம்தான் ஆபத்து என்று, சில வருஷங்களில் அந்த உயரத்துக் கொட்டகைகளை அகற்றிவிட்டார்கள். கீழே கொரூர் சாவடி மட்டும் நிற்கிறது.

சாவடிக்கு வந்தபோது மத்தியானம் மூன்று மணி. வாத்தியாரின் மனைவி வாசலில் நின்றுகொண்டிருந்தாராம். ஏறினீர்களா என்று கேட்கவில்லை. எத்தனை பேர் வருகிறார்கள் என்று விரலை நீட்டி எண்ணினார். ஏழு பேர் எண்ணி முடித்ததும் உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தார். கேக்கையும் அங்கேயே வெட்டித் தின்று தீர்த்தார்கள். வாத்தியார், நம் பையனின் நோட்டை வாங்கி, நாற்பத்தொன்றுக்குக் கீழே பென்சிலால் எழுதினார்: 'சிப்பாய். 3980 அடி. காற்று மேற்கிலிருந்து. எல்லோரும் திரும்பினோம்.'

"என்னால்தானே உங்களுக்கு..." என்று பையன் ஆரம்பித்தானாம். "மன்றோவுக்கே கிடைக்காதது எனக்கு ஒரு வருஷம் தள்ளிப்போனால் என்ன?" என்று அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

அதுவும் உண்மைதான். ஜாபிதா போட்ட ஸர் ஹியூ மன்றோ அதை ஏறி முடிக்கவேயில்லை. ஸ்கை தீவில் ஏறமுடியாத கொம்பு என்றே பெயர் பெற்ற ஒரு பாறை பாக்கி. இன்னொன்று, 'திரிகைக்கல் குன்று' என்ற சாதுவான மலை. அதைக் கடைசியாக ஏறிக் கொண்டாடலாம் என்று வேண்டுமென்றே மிச்சம் வைத்திருந்தார். யுத்தம் வந்தது, 1919இல் காலமாகிவிட்டார். இந்தத் திரிகைக்கல் குன்று எங்கே இருக்கிறது தெரியுமா? சாத்தான் முனைக்குத் தெற்கே, பள்ளத்தாக்கைத் தாண்டினால் அந்தப் பக்கம்தான். வேடிக்கை இன்னும் முடியவில்லை. 1981இல் அட்டவணையைத் திருத்தியவர்கள், இது தனி மலையே அல்ல, பக்கத்து மலைக்குத் துணை என்று எழுதிவிட்டார்கள். பாவம், மன்றோ பொத்திப் பொத்தி வைத்திருந்த மலை இன்று நம் சிப்பாயோடு ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கிறது.

மேலே போயிருந்தால் என்ன பார்த்திருப்பீர்கள் என்று மருமானைக் கேட்டேன். தேவதூதர் சிகரத்துக்கு அப்பால், பிரேரீயாக் மலையின் இடுக்கில் ஒரு பெரிய கொப்பரை. அங்கே ஒரு மூலையில் பனித்திட்டு ஒன்று. 'ஸ்பிங்க்ஸ்' என்று பெயர். கோடையிலும் கரையாது என்று பெயர் எடுத்தது. இருபதாம் நூற்றாண்டு முழுவதிலும் அது முற்றிலும் கரைந்தது மூன்றே தடவை: 1933, 1959, 1996. பிறகு 2003, 2006, 2017, 2018, 2021, 2022, 2023 என்று இருபது வருஷத்துக்குள் ஏழு தடவை கரைந்துபோயிற்று. டீ நதி பிறப்பதும் அந்த மலையின் தலையில்தான். சுமார் 1220 மீட்டர் உயரத்தில் ஊற்றாகக் கிளம்பி, பாறையிலிருந்து குதித்து, சிப்பாயின் காலடி வழியாக அபர்டீனுக்குப் போய்க் கடலில் விழுகிறது. "எங்கள் வீட்டுக் குழாயில் வருவதே அந்தத் தண்ணீர்தான், மாமா" என்றான் கொஞ்சம் பெருமையாக.

வாத்தியார் இந்த வருஷம் குளிர்காலத்தில் மூட்டு ஆபரேஷன் செய்துகொண்டாராம். தெருவில் கம்பு இல்லாமல் நடக்க ஆரம்பித்திருக்கிறார். வருகிற ஜூன் மாதம் மறுபடி கொரூர் போவதாகத் திட்டம். அப்போது அங்கே ராத்திரி பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும், மெதுவாக ஏறலாம். அதே ஆறு பேரும் வருகிறார்கள். நம் பையன் இப்போதே நான்கு ஜோடி கையுறை வாங்கி வைத்துவிட்டான்.

கிளம்புகிற நாள் மாமி ஒரு பெரிய டின் நிறைய கைமுறுக்குச் சுற்றிக் கொடுத்தாள். வாத்தியாருக்குப் பல் எப்படி என்று விசாரித்துவிட்டுத்தான் சுற்றினாள்.

"உச்சியிலே போய்ச் சாப்பிடுங்கோ. எல்லாத்தையும் அங்கேயே தீர்த்துடாதே" என்றாள். "இறங்கறபோது அந்தச் சிப்பாய்கிட்டே உட்கார்ந்து ஆளுக்கு ஒண்ணு."